காகிதம் கேளுங்கள்: காக்கி பற்றிய வாசகர் கேள்வி-பதில்

காவல்துறையினர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அதற்கு என்ன விதிகள் இருக்கின்றன என்று கேள்வி அனுப்பும்படி போன இதழில் கேட்டிருந்தோம். சேலத்திலிருந்தும் ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால் இந்த முறை அவை மட்டும். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட காவல் நிலையங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டோம். பதில் சொல்பவர் காக்கி போட்டு ஓய்வு பெற்ற ஓர் ஆய்வாளர்.

வாசகி, அம்மாப்பேட்டை: கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பைக்கில் வந்தவன் என் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். புகார் எழுதிக் கொடுத்தேன், சின்னதாக ஒரு ரசீது கொடுத்தார்கள். வழக்குப் போட்டாச்சா என்று கேட்டால், "பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்மா" என்கிறார்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த ரசீது போதாதா ஐயா?

போதாதும்மா. உங்களிடம் இருப்பது சிஎஸ்ஆர் ரசீது, மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது எஃப்ஐஆர். சங்கிலி பறிப்பு, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது, அதன் 173-வது பிரிவில் ஒரு சின்ன விலக்கு இருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டிஎஸ்பி அனுமதி வாங்கி 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம். உங்களுக்கு அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது.

ஏன் இழுக்கிறார்கள் என்றால், எஃப்ஐஆர் போட்டால் நிலையத்தின் குற்றக் கணக்கு கூடும், மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் ஆய்வாளர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சிஎஸ்ஆரோடு நிறுத்திவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்று, "சங்கிலி எங்கேயோ தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க, சீக்கிரம் முடிச்சுடலாம்" என்று யாராவது அன்பாகச் சொன்னால் எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்கள் இருப்பது மாநகர எல்லை, எனவே புகாரின் நகலோடு மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர் பக்கத்து வாசகர்கள் என்றால் மாவட்ட எஸ்பிக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். எஃப்ஐஆர் பதிவானதும் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும், ஜெராக்ஸ் காசு கூடக் கேட்கக் கூடாது.

வாசகர், சூரமங்கலம்: எனக்கும் என் மாமன் மகளுக்கும் நிச்சயம் ஆகியிருக்கிறது. இரண்டு பேருக்கும் இருபத்தைந்தைத் தாண்டியாச்சு. ஏற்காட்டில் ஒரு வியூ பாயிண்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். காக்கியில் வந்த ஒருவர் ஆதார் கேட்டார், போனை வாங்கி போட்டோக்களைப் பார்த்தார், "வீட்டு நம்பர் குடு, அப்பன்கிட்ட பேசறேன்" என்றார். கடைசியில் ஆயிரம் ரூபாய் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தோம். அவருக்கு இதற்கெல்லாம் அதிகாரம் இருக்கிறதா?

ஒன்றுக்கும் இல்லை தம்பி. யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ரோந்துக் காவலர் விசாரிப்பதில் தப்பில்லை. மலைப் பகுதி, இருட்டினால் ஆள் நடமாட்டம் குறைவு, பாதுகாப்புக்காகக் கேட்பார்கள். அந்த எல்லையை உங்கள் ஆள் முதல் நிமிடத்திலேயே தாண்டிவிட்டார். வயது வந்த இரண்டு பேர் சேர்ந்து இருப்பது குற்றமே இல்லை. கல்யாணமாகாத ஜோடி ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அறைக்கே அப்படியென்றால் ஊரே பார்க்கும் பாறைமேல் உட்கார்ந்து பேசுவதற்கு என்ன?

போன் விஷயம் இன்னும் மோசம். ஒரு வழக்கின் புலனாய்வில் போனைக் கைப்பற்றலாம், அதற்கு மகஜர், அதாவது என்ன கைப்பற்றினோம் என்று சாட்சிகளோடு எழுதும் குறிப்பு, எழுத வேண்டும், புதிய சட்டத்தின் 105-வது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். வழக்கே இல்லாமல் ரோட்டில் நிறுத்தி கேலரியைத் தள்ளிப் பார்ப்பது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்ன பிறகும் நடக்கிறது என்றால், பயந்தவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான். பணம் வாங்கியது லஞ்சம் கூட இல்லை, மிரட்டிப் பறித்தல்.

அடுத்து யாருக்காவது இப்படி நடந்தால், சண்டை போட வேண்டாம். "சார், உங்க பேரு, எந்த ஸ்டேஷன்? நாங்க ஸ்டேஷனுக்கே வர்றோம், அங்கேயே எழுதிக்கங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எழுதுவது என்று வந்தால் முக்கால்வாசிப் பேர் "சரி சரி, போங்க" என்று விட்டுவிடுவார்கள். மே மாதம் கோடை விழா சமயத்தில் பந்தோபஸ்துக்கு வெளி நிலையங்களிலிருந்தும் ஆட்கள் மலைக்கு வருவார்கள், அதனால் சட்டையில் இருக்கும் பெயர்ப்பட்டையைப் பார்த்து வைத்துக்கொள்வது முக்கியம். பெயர்ப்பட்டை இல்லையென்றால் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டால் போதும், அந்த நேரம் அங்கே யாருக்கு டூட்டி என்பது நிலையத்தின் பொது நாட்குறிப்பில் இருக்கும். நீங்களும் எஸ்பி அலுவலகத்துக்கு எழுதுங்கள், இப்போதும் தாமதமில்லை. உங்கள் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் உங்கள் பெயரில் மட்டும் கொடுங்கள்.

வாசகர், அஸ்தம்பட்டி: ஏற்காடு அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஆர்சி புத்தகம் வீட்டில். ஒரு ஏட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். ரசீது தரவில்லை. லாபம்தானே?

அவருக்கு லாபம். ஆர்சியும் லைசென்சும் போனில் டிஜிலாக்கர், எம்பரிவாஹன் என்ற அரசு ஆப்களில் இருந்தால் அதைக் காட்டினால் போதும், 2018-லேயே மோட்டார் வாகன விதி 139-ஐத் திருத்திவிட்டார்கள். அபராதம் என்றால் உதவி ஆய்வாளர் நிலையிலோ அதற்கு மேலோ இருப்பவர் இ-செலான் போட வேண்டும். ஏட்டு கையில் நோட்டு வாங்கும் நடைமுறையே கிடையாது. அப்புறம், 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் வந்த திருத்தப்படி லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தேன் என்றால் 7 நாளுக்குள் போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் லாபம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்!

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆத்தூர்: மனித உரிமை, நடத்தை விதி என்று பேசுவதெல்லாம் சரி. திருடனை அடிக்காமல் கொஞ்சினால் உண்மை வருமா? நீங்களும் அந்தத் துறையில் இருந்தவர், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சொல்கிறேன் வாத்தியாரய்யா. அடித்தால் வருவது, அடி நிற்பதற்கு எது தேவையோ அது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், அதைக் காட்டித்தான் பழக்கம் நிற்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, முன்பு சாட்சியச் சட்டம் 25-வது பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 23. அதே பிரிவில் ஒரு சந்து இருக்கிறது, அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் ஏற்றுக்கொள்வார்கள். கத்தி, நகை, பைக் இப்படி ஏதாவது "ரெகவரி" ஆக வேண்டும் என்ற அவசரம் அந்தச் சந்தில்தான் பிறக்கிறது. அடித்து ரெகவரி காட்டிய வழக்குகள் கோர்ட்டில் எப்படி உடைந்து போகின்றன என்பது வேறு கதை. கைரேகை, கேமரா, போன் டவர், அடகுக் கடை நோட்டு என்று நான்கு வழி இருக்கிறது, நான்குக்கும் பொறுமை வேண்டும், ஆள் வேண்டும். அது இல்லாத இடத்தில் கை ஓங்குகிறது.

இது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நம் பக்கத்து நோய். சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு 1855-ல் அறிக்கை வந்தது. அப்போது வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே தாசில்தார் கச்சேரியில். கிஸ்தி கட்டாத குடியானவனின் விரல்களைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெருக்கும் கிட்டி, குனிய வைத்து அப்படியே கட்டிப் போடும் அண்ணாந்தாள், எல்லாம் அந்த அறிக்கையில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரித்து 1859-ல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. துறை பிறந்ததே அடியை நிறுத்தத்தான் என்று புதுசாக வரும் பையன்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

"கொஞ்சம் தட்டி விசாரிப்பதில்" ஒரு உயிர் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் செத்தது உங்களுக்குத் தெரியும், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்திருந்த தகராறு அது. மறு வருஷம், 2021 ஜூனில், உங்கள் ஆத்தூர்ப் பக்கத்திலேயே பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் லத்தியால் அடித்ததில் ஒருவர் மறுநாள் இறந்துபோனார், அடித்தவர் கைதானார். இந்த மூன்று பேரில் யாரும் திருடன் இல்லை ஐயா. திருடனை மட்டும் அடிக்கிற லத்தி என்று ஒன்று கிடையாது.

ஒரு காவலரின் மனைவி, சேலம்: என் வீட்டுக்காரர் ஆயுதப்படையில் இருக்கிறார். பேருக்குத்தான் டூட்டி. அதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்குவது, பிள்ளைகளை டியூஷனில் விடுவது, நாயைக் குளிப்பாட்டுவது. இது விதிகளில் இருக்கிறதா? வெளியே சொன்னால் அவருக்கு வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இல்லவே இல்லைம்மா. ஆர்டர்லி முறையை 1979-லேயே தமிழக அரசு ஒழித்துவிட்டது. ஒழித்த பிறகும் வேறு வேறு பெயரில் அது நடந்துகொண்டிருந்ததால் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசி, அடியோடு நிறுத்தச் சொன்னது. அதிகாரி செய்வது நடத்தை விதி மீறல், அரசுச் சம்பளம் வாங்கும் ஆளைச் சொந்த வேலைக்கு வைத்திருக்கிறார். உங்கள் கணவர் நாயைக் குளிப்பாட்டும் அந்த நாளில் டூட்டி ரோஸ்டரில் அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருப்பார்கள்? பந்தோபஸ்து என்றோ அலுவலகப் பணி என்றோதான் இருக்கும். "அதிகாரி வீட்டு நாய்" என்று எழுத எந்த ரைட்டருக்கும் தைரியம் வராது. அந்த இடத்தில்தான் அதிகாரியின் கை பலவீனமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான், சும்மா தைரியம் சொல்லி உங்களை மாட்டிவிட மாட்டேன். 1966-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி போலீஸ்காரர் அனுமதியில்லாமல் சங்கத்தில் சேர முடியாது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க முடியாது. நீங்கள் அந்தச் சட்டத்துக்குள் வர மாட்டீர்கள், ஆனால் உங்கள் கடிதம் அவர் தலையில்தான் விடியும் என்பதால்தான் பேரையும் மற்ற அடையாளங்களையும் எடுத்துவிட்டோம். அவர் செய்யக்கூடியது: எந்தெந்த நாள் எங்கே அனுப்பப்பட்டார், யார் வாய்மொழியாகச் சொன்னது என்று வீட்டில் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வரட்டும். மனு என்று கொடுத்தால் முறையான வழியில் மேலதிகாரிக்கு, நகல் வைத்துக்கொண்டு. "வீட்டு வேலையிலிருந்து விடுவியுங்கள்" என்று கேட்பதைவிட "நிலையப் பணிக்கு அனுப்புங்கள்" என்று கேட்பது காரியம் ஆகும் வழி. காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அரசு ஆணையிட்டிருக்கிறது, அதைக் கேட்பதிலும் வெட்கப்பட வேண்டாம். தூக்கமில்லாத, வீட்டில் முகம் கொடுத்துப் பேச நேரமில்லாத ஆள்தான் ரோட்டில் பொதுமக்களிடம் எரிந்து விழுகிறார், இதை நடத்தை விதி எழுதும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

வாசகர், செவ்வாய்ப்பேட்டை: வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கூட்டாளி நான்கு லட்சம் தர வேண்டும், ஏமாற்றுகிறார். ஸ்டேஷனில் தெரிந்த ஒருவர், "கூப்பிட்டுப் பேசி வாங்கித் தர்றேன், பத்து பர்சன்ட் குடுங்க" என்கிறார். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்காகும். இதில் என்ன தப்பு?

இதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து. பணம் கொடுக்கல் வாங்கல் சிவில் விவகாரம், அதில் போலீஸுக்கு வேலை இல்லை. போலீஸ் தானே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பது 1960-ல் காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் ஏற்றுக்கொண்ட இந்தியக் காவல்துறை நடத்தை நெறியிலேயே இருக்கிறது. தர்மம் இருக்கட்டும், வியாபாரி என்பதால் கணக்காகவே சொல்கிறேன். நீங்கள் பத்து என்றால் கூட்டாளி பதினைந்து தருவார், அன்றைக்கு அதே ஆள் உங்களைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைப்பார். கூட்டாளி பணத்தை அந்த போலீஸ்காரர் கையில் கொடுத்து, அவர் உங்களுக்குத் தராவிட்டால் எங்கே போய்ப் புகார் செய்வீர்கள்? பிராமிசரி நோட்டு இருந்தால் 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், தேதியைப் பாருங்கள். சேலம் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம், செலவில்லை, அங்கே ஆகும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடுதான் வாங்கினார் என்று காட்ட ஆதாரம் இருந்தால் அது மோசடி, அதற்கு மாநகரக் குற்றப்பிரிவில் முறையாக மனு கொடுங்கள்.

வாசகர், குகை: பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் "டீ செலவுக்கு" என்றார். எவ்வளவு கொடுக்கலாம்?

டீ கொடுக்கலாம்.

மலைக்கிராமத்து வாசகர், ஏற்காடு: நாங்கள் மலையாளிப் பழங்குடி இனத்தார். எஸ்டேட்டில் மிளகு மூட்டை காணாமல் போனதற்கு எங்களில் ஆறு பேரை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். போனில்தான் சொன்னார்கள். காலையில் போனால் இருட்டும் வரை உட்கார வைத்து, "நாளைக்கு வா" என்பார்கள். இப்படியே நான்கு நாள். கூலி போச்சு. ஒருவருக்கு அறுபத்தைந்து வயது, கூட இரண்டு பெண்கள். போகாவிட்டால் கைது செய்துவிடுவார்களா?

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். சட்டம் தெரியாது என்று ஆட்களை எடை போட்டுவிட்டுச் செய்கிற காரியம் இது. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவுப்படி எழுத்து மூலமாகச் சம்மன் தர வேண்டும். போன் செய்து "வாடா" என்பது சம்மன் ஆகாது. பெண்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும், உடல்நலமில்லாதவர்களையும் நிலையத்துக்கு வரச் சொல்லவே கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் ஆண்களுக்கு 65 என்று இருந்ததை இப்போது 60 ஆக்கியிருக்கிறார்கள். ஆக, உங்கள் பெரியவரும் அந்த இரண்டு பெண்களும் படி ஏறியிருக்கவே வேண்டியதில்லை.

சந்தேக நபராக நினைத்தால் 35(3) பிரிவில் நோட்டீஸ் தர வேண்டும், எந்த வழக்கு, என்றைக்கு வர வேண்டும் என்று அதில் இருக்கும். அதன்படி போய் வந்துகொண்டிருக்கும் வரை, தனியாகக் காரணம் எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. கைதே செய்தாலும் காரணம் சொல்ல வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளாக இவற்றைப் பட்டியல் போட்டது, பிறகு பலவும் சட்டத்திலேயே ஏறிவிட்டன. கைதும் இல்லை, நோட்டீசும் இல்லை, ஆனால் பெஞ்சில் இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் அது எந்தக் கணக்கிலும் வராத சிறை.

அடுத்த முறை போன் வந்தால், "எழுதிக் குடுங்க சார், வர்றோம்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆறு பேரும் தனித்தனியாகப் போகாதீர்கள். பழங்குடியினர் என்பதால் உங்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று கூடத் தேவையில்லை. எஸ்டேட்காரர் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறாரா, எஃப்ஐஆர் போட்டிருக்கிறதா என்று அந்த வக்கீலை விட்டுக் கேளுங்கள். பல இடத்தில் எஃப்ஐஆரே இருக்காது. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் அடியில் செத்தாரே, அங்கேயும் நகைத் திருட்டுக்கு எஃப்ஐஆர் இல்லாமலேதான் விசாரணை ஓடியது.

வாசகர், கொண்டலாம்பட்டி: போலீஸ்காரர் தப்பு செய்தால் "ஆயுதப்படைக்கு மாற்றம்" என்று செய்தி வருகிறது. அது என்ன தண்டனை?

தண்டனையே இல்லை. இடமாற்றம். காத்திருப்போர் பட்டியலும் அப்படித்தான். சஸ்பெண்ட் கூடத் தண்டனை இல்லை, விசாரணை முடியும் வரை ஒதுக்கி வைப்பது, பாதிச் சம்பளம் அளவுக்குப் பிழைப்பூதியம் வந்துகொண்டிருக்கும். உண்மையான தண்டனை 1955-ம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் இருக்கிறது. துறைக்குள் "மூணு ஏ, மூணு பி" என்பார்கள். 3(ஏ) என்றால் சின்னக் குற்றச்சாட்டு, கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்றவை. 3(பி) மெமோ வந்தால்தான் வயிறு கலங்கும், வாய்மொழி விசாரணை, சாட்சிகள், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகும். அடுத்த முறை செய்தி படிக்கும்போது "3(பி) போட்டார்களா?" என்று பாருங்கள். பத்திரிகைக்காரர்களும் அதைக் கேட்டு எழுதினால் நல்லது.

ஒரு தந்தை, ஓமலூர்: பத்தொன்பது வயதுப் பையனை விசாரணை என்று கூட்டிப்போய் அடித்து இரவில் அனுப்பிவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. முதுகெல்லாம் தடிப்பு. புகாரை அதே ஸ்டேஷனில்தான் கொடுக்க வேண்டுமா?

முதலில் ஜி.எச். போங்கள். இந்த இதழ் வந்து சேர்வதற்குள் தடிப்பு மறைந்திருக்கும் என்பதால் உங்களுக்கு ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். டாக்டரிடம் "கீழே விழுந்துட்டான்" என்று சொல்லாதீர்கள், போலீஸ் அடித்தது என்றே சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். காயத்தைத் தேதியோடு போட்டோ எடுங்கள். புகாரை எஸ்பிக்கு அனுப்புங்கள், நகல் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு. ஆணையத்துக்குக் கட்டணமில்லை, தமிழில் எழுதலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை வெறும் ஆலோசனை என்று முன்பு அரசு தட்டிக் கழிக்கும், 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. காவல் நிலையாணை 151 என்று ஒன்று இருக்கிறது, போலீஸ் சித்திரவதை செய்ததாகப் புகார் வந்தால் ஆர்டிஓ என்கிற கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் விசாரிக்க வேண்டும். கலெக்டருக்கு எழுதும் மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள், மனுவுக்கு மதிப்பு கூடும்.

இன்னொன்றை அவசரமாகச் செய்ய வேண்டும். நிலையத்தின் கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து 18 மாதம் பதிவை வைத்திருக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். "அன்னிக்குன்னு பார்த்து கேமரா ரிப்பேர்" என்று பதில் வந்தாலும் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

காவல் புகார் ஆணையம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் சுதந்திரமான அமைப்பு. நம் மாநிலம் 2013-ல் போட்ட சட்டத்தில் மாவட்ட அளவில் கலெக்டர் தலைவர், எஸ்பி உறுப்பினர். எஸ்பியின் ஆட்கள் மீதான புகாரை எஸ்பியும் உட்கார்ந்து கேட்கும் ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனித உரிமை ஆணையத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஐ தேர்வுக்குப் படிக்கும் வாசகர், கிச்சிப்பாளையம்: மேலதிகாரி தப்பான உத்தரவு போட்டால் கீழே இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? நேர்முகத்தில் கேட்டால் என்ன சொல்வது? இன்னொன்று, கல்லூரிச் சண்டையில் என்மேல் ஒரு வழக்கு இருந்து முடிந்துவிட்டது. விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?

சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். சட்ட விரோதமான உத்தரவு உங்களைக் காப்பாற்றாது, "ஐயா சொன்னார், அடித்தேன்" என்றால் ஐயாவோடு நீங்களும் கூண்டில் நிற்பீர்கள். சந்தேகமான உத்தரவு வந்தால், "எழுத்தில் தாங்க ஐயா" என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் மறுநாள் தூரத்து டூட்டி விழலாம், அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள். சாத்தான்குளம் வழக்கில், அந்த இரவு நிலையத்தில் நடந்ததை விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். நேர்முகத்தில் கேட்டால் அந்த உதாரணத்தைச் சொல்லுங்கள், மனப்பாடம் செய்த வரிகளைவிட மேல்.

வழக்கைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எஃப்ஐஆர் எண், கோர்ட், எப்படி முடிந்தது எல்லாவற்றையும் எழுதி, தீர்ப்பு நகலை இணையுங்கள். குற்றமே செய்யவில்லை என்று வந்த கௌரவமான விடுதலையா, சந்தேகத்தின் பலனைக் கொடுத்த விடுதலையா என்பது நியமனத்தின்போது பெரிய வித்தியாசம் செய்யும், எனவே தீர்ப்பை ஒரு வக்கீலிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள். மறைத்தது சரிபார்ப்பில் தெரிந்தால், வழக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மறைத்ததற்காகவே தேர்வை ரத்து செய்யலாம்.